கான்பூர்க் குப்பைமேட்டிலிருந்து எழுந்த லிபரேட்டர்கள்



வீட்டில் சோறு வடிக்கும் அலுமினியப் பானையைப் பார்த்திருப்பீர்கள். 1940-ஆம் ஆண்டு ஜூலையில் இங்கிலாந்து அரசாங்கம், போர் விமானம் செய்வதற்காக அத்தகைய பாத்திரங்களைத் தருமாறு இல்லத்தரசிகளிடம் கேட்டது. அவர்களும் மனமுவந்து கொடுத்தார்கள். ஐந்தாண்டுகளில் போர் முடிந்தது, கதை தலைகீழாயிற்று. ஆயிரக்கணக்கான விமானங்கள் உலைக்குப் போய், உலோகப் பாளங்களாகத் திரும்பின. வாள்களைக் கலப்பைக் கொழுக்களாக அடிப்பதைப் பற்றி இறைவாக்கினர் எசாயா கண்ட காட்சி இதுதானோ என்று கூடத் தோன்றும்.

அப்படியிருக்க, அந்த விமானங்களில் சிலவற்றை மட்டும் துப்பாக்கியோடும் குண்டறையோடும் காத்து வைக்கிறார்களே, எதற்கு? வகுப்பில் ஒரு மாணவி கேட்ட வினா இது. அன்று நான் சொன்ன பதில் எனக்கே போதவில்லை. ஆகவே இக்கட்டுரை.

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா செய்த குண்டுவீச்சு விமானங்களுள் ஒன்று லிபரேட்டர். நான்கு எஞ்சின்கள்; ஒவ்வொன்றும் 1,200 குதிரைத் திறன். ஒரு இறக்கை நுனியிலிருந்து மறு நுனிவரை 110 அடி. பிற்கால வகைகளில் பத்து இயந்திரத் துப்பாக்கிகள் இருந்தன. 18,000-க்கும் மேற்பட்டவை செய்யப்பட்டன. நம் பக்கத்து வானமும் இதை அறியும். 1944-இல் சென்னைப் பரங்கிமலைத் தளத்திலிருந்தும், இலங்கையில் காங்கேசன்துறையிலிருந்தும் இவை கடற்காவலுக்குப் பறந்தன. நெல்லையிலிருந்து கோவில்பட்டி செல்லும் வழியிலுள்ள கயத்தாற்றிலும் அந்நாளில் விமான ஓடுதளம் ஒன்று போட்டிருந்தார்கள்.

பிரிட்டிஷ் விமானப்படைக்கு இவற்றை அமெரிக்கா கொடுத்தது கடன் குத்தகைத் திட்டத்தின்கீழ். போர் முடிந்ததும் திருப்பித் தரவேண்டும், இல்லையேல் பயன்படாதபடி செய்துவிட வேண்டும். கிழக்கே இருந்த லிபரேட்டர்கள் பலவற்றைக் கான்பூர் விமானத்தளத்தில் கொண்டுவந்து நிறுத்தி, மீண்டும் பறக்கவொண்ணாதபடி உடைத்தும் கெடுத்தும் போட்டுவிட்டுப் போனார்கள். வெயிலிலும் மழையிலும் அவை அங்கே கிடந்தன.

விடுதலை பெற்ற இந்தியாவிடம் அப்போது நெடுந்தூரக் குண்டுவீச்சு விமானம் ஒன்றுகூட இல்லை. வெளிநாட்டில் வாங்கப் பணமும் இல்லை. 1940-இல் பெங்களூரில் தொடங்கப்பட்ட இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலை, கான்பூர்க் குப்பையைச் சீர்செய்ய முன்வந்தது. போர்க்காலத்தில் அமெரிக்க விமானங்களைப் பழுதுபார்த்த கைகள் அங்கே இருந்தன. ஒன்றில் நல்ல சக்கரம், மற்றொன்றில் நல்ல எஞ்சின் எனப் பொறுக்கிச் சேர்த்து, பெங்களூர் வரையாவது தாங்கும்படி செய்தார்கள். அதன்பின் முன்ஷி என்னும் விமானி அவற்றை ஒவ்வொன்றாக ஓட்டிச் சென்றார். உடைத்துப் போடப்பட்ட விமானத்தில் ஏறி, ஆயிரம் மைலுக்கு அருகான தூரம் பறப்பதற்கு எத்தகைய நெஞ்சுரம் வேண்டும்! ஒரு முறையன்று, நாற்பதுக்கு மேற்பட்ட முறை. இவர் பெயர் நம் பாடநூல்களில் இல்லாதது எனக்கு வருத்தமே.

1948 நவம்பரில் ஐந்தாம் படைப்பிரிவு இந்த லிபரேட்டர்களுடன் அமைந்தது. பின்னர் ஆறாம் படைப்பிரிவு அவற்றைக் கொண்டு நம் கடல்களைக் கண்காணித்தது. 1968-ஆம் ஆண்டின் இறுதியில்தான் ஓய்வு கொடுத்தார்கள். எறிந்தவர்கள் எறிந்த பின்னும் இருபது ஆண்டுகள்!

இதற்குள் மேல்நாடுகளில் லிபரேட்டர் ஏறக்குறைய அற்றுப் போயிருந்தது. செய்த நாடே தேடிக்கொண்டு இந்தியாவுக்கு வந்தது. 1968-இல் கனடா ஒன்றைப் பெற்றுக்கொண்டு, மாற்றாக ஒரு லைசாண்டர் விமானத்தை நமக்குத் தந்தது. அது நல்ல பண்டமாற்று. ஏனெனில் 1942-இல் பர்மாவில் நம் முதற்படைப்பிரிவு ஓட்டியது லைசாண்டரே. 1969-இல் ஒன்று அமெரிக்காவின் அரிசோனாவுக்குப் பறந்தது. 1974-இல் ஒன்றை பிரிட்டிஷ் விமானப்படை அருங்காட்சியகத்துக்கு அன்பளிப்பாக அனுப்பினோம். 1981-இல் இங்கிருந்து விலைக்குப் போன இன்னொன்று, முழுதும் பிரித்துச் சீராக்கப்பட்டு 1989-இல் அமெரிக்காவில் மீண்டும் பறந்தது. இன்று உலகில் எஞ்சியுள்ள சில லிபரேட்டர்களுள் ஏறத்தாழப் பாதி, நம் நாட்டில் பிழைத்துக் கிடந்தவை.

ஆனால் அவற்றைப் போய்ப் பார்ப்பவருக்கு இது எளிதில் தெரியாது. பெரும்பாலானவற்றின்மேல் அமெரிக்க அல்லது பிரிட்டிஷ் அடையாளங்களைத் தீட்டிவிட்டார்கள். பிரிட்டனில் இருப்பதற்கு கே.என். 751 என்று எண். அது போரின்போது பெற்ற எண், பொய்யன்று. 1945-இல் அது இந்துமாக்கடலின் கொகோஸ் தீவுகளில் பணியாற்றிய படைப்பிரிவைச் சேர்ந்தது. ஆனால் அதைவிடப் பன்மடங்கு காலம் எச்.ஈ. 807 என்ற எண்ணோடு நம்மிடம் பறந்ததே! ஒரு விமானத்தைக் காப்பது என்றால் அதன் எந்த வாழ்வைக் காப்பது? இரண்டு பூச்சு ஒருங்கே பூச முடியாதுதான். ஆனால் பழைய பூச்சைச் சுரண்டுமுன் புகைப்படமும் குறிப்பும் எடுத்து வைக்கலாம். பக்கத்துப் பலகையில் முழு வரலாற்றையும் எழுதலாம். பளபளப்பாக்குவதை மட்டுமே பராமரிப்பு என்று எண்ணுவது தவறு. பித்தளைக் குத்துவிளக்கைப் புளி போட்டு அளவுக்கு மீறித் தேய்த்தால், அதில் வெட்டிய பாட்டியின் பெயரும் தேய்ந்துபோகும் அல்லவா?

மெல்லச் செய்யும் வேலைக்கு ஓர் எடுத்துக்காட்டு. 2013-இல் இங்கிலாந்துக் கடலடியிலிருந்து ஜெர்மானிய டோர்னியர் விமானம் ஒன்றை எடுத்தார்கள். உப்பூறிய அலுமினியம் காற்றுப் பட்டதும் விரைந்து அரிக்கும். ஆகவே எலுமிச்சையில் உள்ள சிட்ரிக் அமிலத்தை மிக நீர்க்கக் கலந்து, ஆண்டுக்கணக்கில் அதன்மேல் தூவினார்கள்.

ஆயுதங்களுக்கு வருவோம். காட்சிக்கு வைக்கும் துப்பாக்கி மீண்டும் சுடாதபடி அதன் உள்ளுறுப்புகளைச் செயலிழக்கச் செய்வர். குண்டில் வெடிமருந்தை அகற்றி வெறுங்கூட்டை வைப்பர். இது பயிற்சி பெற்ற படையினர் செய்யும் வேலை. முக்கால் நூற்றாண்டு மண்ணில் கிடந்த குண்டும் வெடிக்கும். பழைய இரும்பு என்று உடைக்கப் போய் உயிரிழந்தவர்கள் நம் நாட்டிலும் உண்டு. இனந்தெரியாத உலோகப் பொருளை எங்கே கண்டாலும் தொடாமல் விலகிக் காவல் நிலையத்துக்குச் சொல்லுங்கள்.

துப்பாக்கியைக் கழற்றிவிட்டு விமானத்தை மட்டும் வைத்தால் என்ன என்றும் அந்த மாணவி கேட்டாள். வைக்கலாம், ஆனால் அது எதற்காகச் செய்யப்பட்டது என்பதை மறைத்தவர் ஆவோம். அதே லிபரேட்டர்கள், 1945 ஆகஸ்டில் போர் நின்றதும் கொகோஸ் தீவுகளிலிருந்து பறந்து, ஜப்பானியர் வைத்திருந்த கைதிகளின் முகாம்களில் மருந்தும் உணவும் போட்டன. குண்டு விழுந்த கதவு வழியாகத்தான் அந்த மருந்துப் பொதியும் விழுந்தது. குண்டறையை அடைத்துவிட்டால் இரண்டும் மறைந்துவிடும்.

தில்லி பாலத்தில் உள்ள இந்திய விமானப்படை அருங்காட்சியகத்தில், எச்.ஈ. 924 என்ற எண்ணுள்ள லிபரேட்டர் திறந்த வெளியில் நிற்கிறது. நம் மூவண்ண வட்டம் இன்னும் அதன் உடலில் இருக்கிறது. சுற்றுலாவில் தில்லிக்குச் செல்லும் மாணவிகள் அதன் வயிற்றுக்கடியில் நின்று, குண்டறைக் கதவுகளை அண்ணாந்து பார்த்து வாருங்கள்.