குட்டியா, வளர்ந்த பூனையா?

பூனை வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் தேடுவது உள்ளங்கையில் அடங்கும் குட்டியைத்தான். "சின்னதுலேயே எடுத்தாத்தான் நம்மகிட்ட ஒட்டும்" என்பார்கள். பாதி உண்மை. மனிதர்களிடம் பயமில்லாமல் பழகும் பருவம் பிறந்த 2-ஆம் வாரத்தில் தொடங்கி ஏறக்குறைய 7-ஆம் வாரத்தில் முடிகிறது. அந்த நாட்களில் குட்டி தாயோடு இருக்க வேண்டும். அங்கேயே மனிதக் கைகள் அதைத் தூக்கிக் கொஞ்சிப் பழக்கியிருக்க வேண்டும். விளையாடும்போது எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம் என்பதைக் கூடப்பிறந்த குட்டிகள்தான் கத்திக் கத்திக் கற்றுத்தருகின்றன. சீக்கிரமே பிரித்த குட்டி அந்தப் பாடத்தை உங்கள் கையில் படிக்கும்.

ஆகவே 8 வாரம் ஆகாத குட்டியை எடுக்காதீர்கள். 12 வாரம் என்றால் இன்னும் நல்லது. வயதை விற்பவர் வாயால் மட்டும் கேட்டுக்கொள்ள வேண்டாம். நன்றாகத் தின்று வளர்ந்த இரண்டு மாதக் குட்டி ஏறக்குறைய 800 கிராமிலிருந்து ஒரு கிலோ வரை இருக்கும். காதுக்குள் காப்பித்தூள் போன்ற கருப்பு அழுக்கு இருந்தால் காதுப்பூச்சி. உடம்பு மெலிந்து வயிறு மட்டும் உப்பியிருந்தால் குடற்புழு. இரண்டுக்கும் மருந்து உண்டு, பயப்பட வேண்டியதில்லை. கண்ணும் மூக்கும் ஒழுகி, சோர்ந்து ஒரு மூலையில் கிடக்கும் குட்டியைப் பார்த்தால்தான் யோசிக்க வேண்டும்: இரக்கத்தில் எடுப்பதானால், அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் போகத் தயாராக இருங்கள்.

கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகும் வீடா? வயதானவர்கள் நடமாடும் வீடா? என் பரிந்துரை ஒன்று முதல் மூன்று வயதுக்குள் இருக்கும், கருத்தடை செய்த நாட்டுப் பூனை. குட்டி எப்படிப்பட்ட பூனையாக வளரும் என்று யாராலும் சொல்ல முடியாது. வளர்ந்த பூனையின் குணம் கண்முன்னே தெரியும்: மடிக்கு வருமா, குழந்தைகளின் சத்தத்தைப் பொறுக்குமா, இன்னொரு பூனையோடு ஒத்துப்போகுமா என்று அதைப் பராமரித்தவரிடமே கேட்டுக்கொள்ளலாம். திரைச்சீலையில் ஏறும் வயதையும் அது தாண்டியிருக்கும். சென்னை ப்ளூ கிராஸ் போன்ற இடங்களில் இத்தகைய பூனைகள் தத்துக்குக் காத்திருக்கின்றன. குட்டிகளைத் தூக்கிப் போகிறவர்கள் இவற்றைத் திரும்பிப் பார்ப்பதில்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம். குட்டிதான் வேண்டும், பகலெல்லாம் வீடு பூட்டிக் கிடக்கும் என்றால், கூடப்பிறந்த இரண்டை எடுங்கள்.

கடுவனா பெட்டையா என்பதில் அதிகம் குழம்ப வேண்டாம். கருத்தடைக்குப் பிறகு பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் பெட்டை நான்கைந்து மாதத்திலேயே சினையாகிவிடக்கூடும், தள்ளிப்போடாதீர்கள்.

காசு கொடுத்து வாங்குகிறவர்கள் பெரும்பாலும் பெர்சியனைத்தான் கேட்கிறார்கள். அழகுதான். அந்த முடியைத் தினமும் சீவ வேண்டும், இல்லாவிட்டால் சிக்குப் பிடித்துத் தோலை இழுக்கும். தட்டை முகம் என்பதால் கண்ணீர் வழியும், நம் ஊர் வெயிலில் மூச்சு வாங்கும். சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகள் வளரும் பரம்பரை நோய் இந்த இனத்தில் அதிகம். தாய், தந்தை இரண்டில் ஒன்றுக்கு இருந்தாலே குட்டிகளில் பாதிக்கு வரலாம். பெற்ற பூனைகளுக்கு மரபணுச் சோதனை செய்திருக்கிறார்களா என்று கேளுங்கள். கடையில் வாங்கினால், 2018-ஆம் ஆண்டு விதிகளின்படி மாநில விலங்கு நல வாரியப் பதிவு இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

காது மடங்கிய ஸ்காட்டிஷ் ஃபோல்டை மட்டும் வாங்கவே வேண்டாம். காதை மடக்கும் அதே மரபணு உடம்பு முழுவதும் குருத்தெலும்பைக் கெடுக்கிறது. மூட்டுவலியோடுதான் அந்தப் பூனை வாழ்கிறது.

சைவ வீடுகளுக்கு ஒன்று. பூனைக்கு டாரின் என்ற சத்து இறைச்சியிலும் மீனிலும்தான் கிடைக்கிறது. அது குறைந்தால் பார்வையும் இதயமும் கெடும். பாலும் தயிர்சாதமும் போதாது, பல பூனைகளுக்குப் பாலே வயிற்றுப்போக்கைத் தரும். சமைக்க மனம் ஒப்பாதவர்கள் பாக்கெட்டில் வரும் பூனைத் தீனியைக் கொடுக்கலாம். அதுவும் வீட்டுக்குள் வரக்கூடாது என்றால், பூனை எடுக்கும் எண்ணத்தை விட்டுவிடுங்கள்.