குண்டு துளைக்காத கார்: அதன் வரலாறும் அமைப்பும் எல்லைகளும்

நாட்டின் தலைவர்கள் சுற்றுப்பயணம் வருங்கால், அவர்களுடைய வாகன அணியில் கவசமிட்ட கார் ஒன்று இருப்பதைப் பொதுமக்கள் நன்கறிவர். 'குண்டு துளைக்காத கார்' என்று அதனை வழக்கில் கூறுகிறோம். பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களின் எல்லைப்புறப் பள்ளிகளில் பணியாற்றும் ஆசிரியர்களிடம் மாணவர்கள் இதுபற்றி வினவினால், அவ்வினாவை இயற்பியல் பாடத்திற்கு நல்லதொரு வாயிலாகக் கொள்ளலாம்.

முதற்கண் ஓர் உண்மையைத் தெளிவாக்கிக்கொள்ளுதல் வேண்டும். எந்தக் குண்டும் துளைக்காத கார் என ஒன்று உலகில் இல்லை. இக்கார் தரும் காவல் மூன்று எல்லைகளுக்கு உட்பட்டது. குண்டின் ஆற்றல் முதலாவது. வண்டி சுமக்கக்கூடிய எடை இரண்டாவது. வண்டியின் கதவு மூன்றாவது. இம்மூன்றையும் வரிசையாக ஆராய்வோம்.

வரலாறு

1914 ஜூன் 28 அன்று சரயேவோ நகரில் ஆஸ்திரிய இளவரசர் பிரான்சு பெர்டினாண்டு திறந்த காரில் சென்றார். வழி தவறித் திரும்பிய வண்டி நின்றபோது அவர் சுடப்பட்டு இறந்தார். நின்ற வண்டி எளிய இலக்கு என்பதும், திறந்த வண்டி காவலற்றது என்பதும் அன்றே புலனாயின. மெர்சிடிஸ்-பென்ஸ் நிறுவனம் 1928-இல் நூர்பர்க் என்னும் வகையிற் கவசமிட்ட காரை உருவாக்கியது.

ஆயினும் மக்கள் தம்மைக் காணவேண்டும் என்ற விருப்பத்தால் தலைவர்கள் திறந்த வண்டியையே பல்லாண்டுகள் நாடினர். 1955 மார்ச்சில் நாகபுரியில், பிரதமர் நேரு சென்ற திறந்த காரின்மீது கத்தியுடன் ஒருவன் பாய்ந்தான்; நேருவுக்குக் காயம் ஏதும் நேரவில்லை. 1963 நவம்பர் 22 அன்று டல்லாஸ் நகரில் அமெரிக்க அதிபர் கென்னடி திறந்த லிங்கன் காரில் சுடப்பட்டு இறந்தார். அவ்வண்டிக்கென இருந்த ஒளிபுகும் மேற்கூரை அன்று பொருத்தப்படவில்லை. பொருத்தியிருப்பினும் அது குண்டைத் தடுக்கும் தன்மையதன்று. பின்னர் அதே வண்டிக்கு நிலையான கூரையும் கவசமும் இட்டு, 1964-இல் மீண்டும் பணியில் ஈடுபடுத்தினர்.

நம் நாட்டில், 1984 அக்டோபர் 31 அன்று பிரதமர் இந்திரா காந்தி தம் இல்ல வளாகத்தில் நடந்து செல்கையில் கொல்லப்பட்டார். அதன் பயனாக 1985-இல் சிறப்புப் பாதுகாப்புக் குழு அமைக்கப்பட்டது. அதற்குரிய சட்டம் 1988-இல் இயற்றப்பட்டது. பிரதமர்களுக்குக் கவசமிட்ட அம்பாசிடர் கார்கள் நெடுங்காலம் பயன்பட்டன. பின்னர் வாஜ்பாய் காலத்தில் பி.எம்.டபிள்யூ. கார்கள் வந்தன, அதன்பின் ரேஞ்ச் ரோவர், மெர்சிடிஸ்-மேபாக் வண்டிகள் அணியிற் சேர்ந்தன. அம்பாசிடர் உற்பத்தி 2014-இல் நின்றுபோயிற்று.

முதல் எல்லை: குண்டின் ஆற்றல்

இயங்கும் பொருளின் ஆற்றல், அதன் நிறையையும் திசைவேகத்தின் இருமடியையும் பெருக்கி இரண்டால் வகுத்தால் கிடைக்கும். கைத்துப்பாக்கியின் 9 மி.மீ. குண்டு 8 கிராம் நிறையுடன் நொடிக்கு 400 மீட்டர் விரைகிறது எனக் கொள்வோம். அதன் ஆற்றல் 640 ஜூல். இராணுவத் துப்பாக்கியின் 7.62 மி.மீ. குண்டு 9.5 கிராம் நிறையுடன் நொடிக்கு 830 மீட்டர் விரைந்தால், ஆற்றல் ஏறத்தாழ 3,270 ஜூல். நிறை ஐந்தில் ஒரு பங்குகூட மிகவில்லை. ஆற்றலோ ஐந்து மடங்காயிற்று. திசைவேகத்தின் இருமடி செய்யும் வேலை இது.

ஆகவே, கைத்துப்பாக்கிக் குண்டைத் தடுக்கும் தகடு இராணுவத் துப்பாக்கிக்கு ஈடுகொடுக்கும் என எண்ணுதல் தவறு. இக்காரணம் பற்றியே கவசங்களைப் படிப்படியாகத் தரம் பிரித்துள்ளனர். எந்தக் குண்டு, எந்த வேகம், எத்தனை அடிகள் என்று வரையறுத்துச் சோதித்த பின்னரே தரம் குறிக்கப்படும். ஐரோப்பியக் கண்ணாடித் தர அளவையில், மேற்கூறிய முதற்குண்டு இரண்டாம் படிக்கும், மற்றது ஆறாம் படிக்கும் உரியது. கடின எஃகு உள்ளகமுடைய குண்டு ஏழாம் படிக்குரியது. நம் நாட்டில் குண்டு, வெடிப்பு ஆகியவற்றின் தாக்குதலை ஆராயும் ஆய்வகம் சண்டிகரில் உள்ளது.

கவசத்தின் உறுப்புகள்

காரின் வெளித்தகடு வழக்கமான மெல்லிய தகடே. அதன் உட்புறம் கவச எஃகு பொருத்தப்படுகிறது. கதவுக்கும் சட்டத்திற்கும் இடையேயுள்ள இடுக்கு வழியே குண்டு நுழையாவண்ணம், ஒரு தகட்டின் விளிம்பு மற்றதன்மேல் படியுமாறு அமைப்பர். எடையைக் குறைக்க, 1965-இல் ஸ்டெபனி குவோலக் கண்டறிந்த கெவ்லார் போன்ற வலிய இழைகளால் நெய்த அடுக்குகளையும் சேர்ப்பதுண்டு.

கண்ணாடியின் வரலாறு சுவையானது. 1903-இல் பிரெஞ்சு வேதியியலார் பெனடிக்டஸ் கைதவறவிட்ட கண்ணாடிக் குடுவை, உடைந்தும் சிதறாமல் இருந்தது. உள்ளே உலர்ந்து படிந்திருந்த செல்லுலோஸ் நைட்ரேட்டுப் படலம் சில்லுகளைப் பற்றிக்கொண்டிருந்ததே காரணம். அதிலிருந்து அடுக்குக் கண்ணாடி பிறந்தது. இன்று பல கண்ணாடி அடுக்குகளின் பின்னே, 1953-இல் உருவாக்கப்பெற்ற பாலிகார்பனேட்டு என்னும் பிளாஸ்டிக்குத் தகட்டை ஒட்டுகின்றனர். கடினமான கண்ணாடி குண்டை நசுக்கிச் சிதைக்கிறது; நெகிழும் பாலிகார்பனேட்டு எஞ்சிய ஆற்றலை வாங்கிக்கொண்டு, சில்லுகள் உள்ளிருப்போர்மேல் தெறிக்காமல் காக்கிறது.

கண்ணாடியும் பிளாஸ்டிக்கும் வெப்பத்தால் ஒரே அளவில் விரிவதில்லை. வெயிலில் நாட்பட நிற்கும் வண்டியின் கண்ணாடியில் அடுக்குகள் பிரிந்து, விளிம்பில் குமிழும் மங்கலும் தோன்றக் காரணம் இதுவே. பாலக்காட்டின் பங்குனி, சித்திரை வெயிலில் இவ்வண்டியை நிழலில் நிறுத்துவது பராமரிப்பு முறையின் ஒரு பகுதியாகும்.

டயரும் கவனிக்கத்தக்கது. 1962 ஆகஸ்டில் பாரிசின் புறநகரில் பிரெஞ்சு அதிபர் டிகால் சென்ற சிட்ரோன் காரைப் பலர் சுட்டனர், டயர்கள் துளைபட்டன. கவசமற்ற அவ்வண்டி நில்லாது ஓடியதால் அவர் தப்பினார். காற்று வெளியேறிய பின்னும் ஓடுவதற்காக, இன்றைய கவசக் கார்களின் டயருக்குள் உறுதியான வளையம் வைக்கின்றனர். தாக்குமிடத்தைவிட்டு விரைந்து அகல்வதும் கவசத்தின் ஒரு பகுதியே.

இரண்டாம் எல்லை: எடை

கவசம் ஏற ஏற எடையும் ஏறும். சாதாரணக் கார் ஏறத்தாழ 1,500 கிலோகிராம் எனின், உயர்தரக் கவசக் கார் 4,000 கிலோகிராமை ஒட்டி நிற்கும். பாலக்காட்டுக் கணவாயின் சமதளச் சாலையில் இவ்வேறுபாடு அதிகம் புலப்படாது. இடுக்கி எல்லையிலுள்ள போடிமெட்டிலிருந்து போடிநாயக்கனூருக்கு இறங்கும் கொண்டையூசி வளைவுச் சாலையிலோ அது நன்கு புலப்படும்.

வண்டி 1,000 மீட்டர் உயரம் இறங்குவதாகக் கொள்வோம். 4,000 கிலோகிராம் வண்டி இழக்கும் நிலையாற்றல் 3 கோடியே 92 இலட்சம் ஜூல்; 1,500 கிலோகிராம் வண்டிக்கு அது 1 கோடியே 47 இலட்சம் ஜூல் மட்டுமே. முன்னது 30 பாகை வெப்பமுள்ள 130 லிட்டர் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. காற்றின் தடையும் எஞ்சினும் ஒரு பங்கை ஏற்பினும், எஞ்சியதைப் பிரேக்குகளே வெப்பமாக ஏற்றல் வேண்டும். ஆகையால் கவசம் மட்டும் ஏற்றி, பிரேக்கு, சுருள்வில், எஞ்சின் ஆகியவற்றை வலுப்படுத்தாத வண்டி ஆபத்தானது. அது குண்டிலிருந்து காத்து, வளைவில் கைவிட்டுவிடும்.

நீளமும் ஓர் இடரே. 2011 மே மாதம் டப்ளின் நகரில், அமெரிக்க அதிபரின் வாகன அணியைச் சேர்ந்த நீண்ட கவசக் கார் ஒன்று தூதரக வாயிலின் மேட்டில் அடிவயிறு தட்டி அசையாது நின்றுபோயிற்று. எனவே தலைவர் வருகைக்கு முன் சாலையைப் பார்வையிடும் களப்பணியாளர், வேகத்தடையின் உயரம், வளைவின் அகலம், சிறுபாலங்களின் தாங்குதிறன், வளாக வாயிலின் சரிவு ஆகிய நான்கையும் அளந்து குறித்தல் நன்று.

மூன்றாம் எல்லை: கதவு

கவசம் எத்துணை உயர்தரமாயினும், அது கதவைத் திறந்தவுடன் முடிந்துவிடுகிறது. 1991 மே 21 அன்று திருப்பெரும்புதூரில் ராஜீவ் காந்தி, காரைவிட்டு இறங்கி மக்களிடையே நடந்தபோது தற்கொலைக் குண்டுவெடிப்பில் உயிரிழந்தார். 1999 டிசம்பர் 18 அன்று கொழும்பில் இலங்கை அதிபர் சந்திரிகா குமாரதுங்க, கூட்டம் முடிந்து காரை நோக்கி வரும்போது தாக்கப்பட்டு ஒரு கண்ணின் பார்வையை இழந்தார். 2007 டிசம்பர் 27 அன்று ராவல்பிண்டியில் பெனசீர் பூட்டோ, கவச வண்டியின் கூரைத் திறப்பில் எழுந்து நின்று கையசைத்தபோது தாக்கப்பட்டு இறந்தார். அதே வண்டிக்குள் அமர்ந்திருந்தவர்கள் உயிர் பிழைத்தனர். மூடியிருந்த கவசம் தன் கடமையைச் செய்தது. திறந்திருந்த இடத்தில் அதனால் ஒன்றும் செய்ய இயலவில்லை.

மக்களாட்சியில் தலைவர் மூடிய வண்டிக்குள்ளேயே இருந்துவிட இயலாது. 2024 மார்ச் 19 அன்று பாலக்காட்டு வீதியில் பிரதமர் திறந்த ஊர்தியில் நின்றே சென்றார். அத்தகைய வேளையில் காவல் எஃகில் இல்லை. வீதியைச் சோதித்தல், மாடிகளைக் கண்காணித்தல், கூட்டத்தை வரம்பில் நிறுத்துதல் ஆகிய மனித உழைப்பில் உள்ளது. அவ்வுழைப்பு தலைவரை மட்டுமன்றி மக்களையும் காத்தல் வேண்டும். 1998 பிப்ரவரி 14 அன்று, எல். கே. அத்வானி பேசவிருந்த நாளில், அண்டையிலுள்ள கோயம்புத்தூரில் குண்டுகள் வெடித்தன. உயிரிழந்த 58 பேரும் எந்தக் கவசக் காரிலும் இருந்தவரல்லர்.

வகுப்பறைப் பயிற்சி

1. சாய்பலகையில் பொம்மை வண்டியொன்றை உருட்டுக. அடிவாரத்தில் வைத்த மரக்கட்டையை அது எவ்வளவு தூரம் தள்ளுகிறது என அளக்க. வண்டியில் சுமையேற்றி மீண்டும் அளந்து ஒப்பிடுக.

2. 4 கிராம் நிறையுள்ள குண்டு நொடிக்கு 950 மீட்டர் விரைந்தால் அதன் ஆற்றல் யாது? மேலே கண்ட இரு குண்டுகளுடன் அதனை ஒப்பிடுக.

3. உம் ஊருக்குத் தலைவர் ஒருவர் வருவதாகக் கொள்க. கார் நிற்கும் இடத்திலிருந்து மேடைவரை உள்ள தூரத்தை அளந்து, அத்தூரத்தில் அவரையும் கூடியிருக்கும் மக்களையும் காக்கச் செய்யவேண்டியன யாவை என்று வரிசைப்படுத்துக.