வீட்டு லேத்துக்கு மரை டிப் வாங்கப் போகிறீர்களா?

நாமக்கல்லில் லாரி பாடி, திருச்செங்கோட்டில் ரிக் வண்டி, சேலத்தில் ஸ்டீல் என்று ஊரே இரும்போடு புழங்குகிறது. பட்டறையை விட்டு நின்ற டர்னர் வீட்டுக் கொட்டகையில் பழைய லேத் ஒன்றைப் போட்டுக்கொள்வது இங்கே புதிதல்ல. அவருக்கும், அவரைப் பார்த்து ஆசைப்பட்ட என் போன்றவர்களுக்கும் சில குறிப்புகள்.

1. முதலில் கோணம். மெட்ரிக் போல்ட்டின் மரை 60 டிகிரி. போர் மோட்டாரோடு இறங்கும் ஜி.ஐ. பைப்பும் பழைய ஆயில் இன்ஜின் போல்ட்டும் 55 டிகிரி. 1841-இல் விட்வொர்த் என்ற ஆங்கிலேயர் வகுத்த கணக்கு இன்னும் நம் தோட்டத்தில் ஓடுகிறது. ஆகவே இரண்டு டிப்பும் வேண்டும். 60-ஐ வைத்து ஒருமுறை பைப் மரை வெட்டினேன். கப்ளிங் இரண்டு சுற்று ஏறி இறுகிக்கொண்டது. நூல் சுற்றியும் கசிவு நிற்கவில்லை.

2. பெட்டியின் மேல் ‘16 ஈஆர் ஏஜி60’ என்றிருக்கும். 16 என்பது டிப்பின் பக்க நீளம், மி.மீ. கணக்கில். ‘ஈ’ வெளிமரை, ‘ஐ’ உள்மரை, ‘ஆர்’ வலது கை. ‘ஏஜி’ என்றால் 0.5 முதல் 3 மி.மீ. பிட்ச் வரை ஒரே டிப் போதும். 16 டிப் 11 ஹோல்டரில் உட்காராது. கையிலுள்ள ஹோல்டரைக் கடைக்கே கொண்டுபோங்கள்.

3. பைப்புக்கு ஏஜி55. அரை, முக்கால் இன்ச் பைப்புக்கு இன்ச்சுக்கு 14 மரை. ஒரு இன்ச் முதல் 11 மரை. இரண்டையும் இது வெட்டும்.

4. ‘1.5 ஐஎஸ்ஓ’ என்று ஒரே பிட்ச் எழுதிய டிப் மரையின் உச்சியையும் சேர்த்துச் சீவும். ஒரே அளவில் நூறு போல்ட் போடுகிறவருக்கு அது. நமக்கு ஏஜிதான் லாபம். ஆனால் அதன் மூக்கு சின்ன பிட்ச்சுக்காகக் கூர்மையாக இருப்பதால், 2 மி.மீ. பிட்ச்சுக்குக் கணக்குப்படி வரும் 1.23 மி.மீ. ஆழம் போதாது. கொஞ்சம் கூடுதலாக இறக்கி, நட்டைப் போட்டுப் பாருங்கள். டயல் விட்டத்தைக் காட்டுகிறதா, ஆழத்தைக் காட்டுகிறதா என்று முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள். ஜாப் கெடுவது பெரும்பாலும் இங்கேதான்.

5. உள்மரைக்கு ஆசைப்படுமுன் துளையை அளங்கள். 12 மி.மீ. நட்டுக்குத் துளை 10.2 மி.மீ.தான், சின்ன 11 டிப் பொருத்திய பாரும் அதற்குள் நுழையாது. அதற்கு டேப் இருக்கிறது.

6. இந்த டிப்பெல்லாம் கார்பைடு, அதற்கு வேகம் வேண்டும். 20 மி.மீ. ராடு 80 சுற்றில் ஓடினால் நிமிடத்துக்கு 5 மீட்டர்தான். டிப் கேட்பது அதைப்போல் பல மடங்கு. மெதுவாக ஓட்டினால் இரும்பு முனையில் ஒட்டிக்கொண்டு மரை சொரசொரக்கும். வேகத்தைக் கூட்டினால் ஹாஃப் நட்டை விடுவிக்கக் கை ஓடாது. அதனால் முனை கூராகத் தீட்டிய, கோட்டிங் போட்ட டிப்பாகக் கேளுங்கள். அதுவும் சரிவராவிட்டால் ஹெச்எஸ்எஸ் பிட்டைக் கோண கேஜ் வைத்துத் தீட்டிக்கொள்ளலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, நானும் பாதி வேலை அதில்தான் செய்கிறேன்.

7. டிப் மரைக்குள் இருக்கும்போது லேத்தை நிறுத்தாதீர்கள், ரிவர்சும் போடாதீர்கள். முனை தெறித்துவிடும். டூலை வெளியே இழுத்த பிறகுதான் சுவிட்ச்.

8. ஸ்டெயின்லெஸ் ராடில் தடவித் தடவி வெட்டினால் மேல்தோல் இறுகிவிடும். ஒவ்வொரு வெட்டும் தைரியமாக விழ வேண்டும், எண்ணெயும் தாராளமாக.

9. ஒரு டிப்புக்கு மூன்று மூக்கு. முடிந்த மூக்கில் மார்க்கரால் புள்ளி வையுங்கள். பெட்டிக்குப் பத்து டிப் இருக்கும். பழகும் வரை உதிரியாக இரண்டு கேட்டுப் பாருங்கள்.

10. ரிக் வண்டி ராடின் மரையைப் போட்டுத் தரச் சொல்லி யாராவது கொண்டுவந்தால் வாங்காதீர்கள். அது சரிவு மரை, கிணற்றுக்குள் மொத்தப் பாரமும் தொங்குவது அதில்தான். திருச்செங்கோட்டுப் பட்டறைக்கு அனுப்பிவிடுங்கள்.