ஒண்டாரியோவில் புதுக்குடித்தனமா? வால்ஐ மீன் பிடிக்க 16 கைக்குறிப்புகள்

ஊரில் குளத்திலும் வாய்க்காலிலும் தூண்டில் போட்டவர்தான் நீங்கள். இப்போது கனடாவுக்கு வந்தாச்சு. கடையில் வஞ்சிரமும் பாறையும் ஐஸ் கட்டியாகத்தான் கிடைக்கின்றன. சுற்றிலும் இருக்கும் ஏரிகளிலோ வெள்ளைச் சதையும் குறைந்த முள்ளும் கொண்ட வால்ஐ மீன் உண்டு. இங்கே பலரும் அதைப் பிக்கரல் என்றே சொல்வார்கள். காசைக் கரைக்காமல் அதைப் பிடித்து வீடு சேர்க்கச் சில வழிகள் இதோ.

1. 18 முதல் 64 வயது வரை உள்ளவர்களுக்கு அவுட்டோர்ஸ் கார்டும் மீன்பிடி லைசென்ஸும் வேண்டும். இது நமக்கு ஒத்துவருமா என்று பார்க்க முதலில் ஒருநாள் லைசென்ஸ் எடுங்கள். அதற்குக் கார்டு தேவையில்லை. ஒண்டாரியோவில் தொடர்ந்து ஆறு மாதம் குடியிருந்தவர்களுக்குத்தான் உள்ளூர்க் கட்டணம் என்பதால், வந்த புதிதில் நீண்டகால லைசென்ஸுக்கு அவசரப்பட வேண்டாம்.

2. கனடாவில் குடியிருப்பவர்கள் லைசென்ஸ் இல்லாமலே தூண்டில் போடும் நாட்களும் உண்டு. பிப்ரவரியில் வரும் ஃபேமிலி டே, பிறகு அன்னையர் தினம், தந்தையர் தினம் ஆகியவற்றையொட்டிய வார இறுதிகளும், ஜூலை தொடக்கத்தில் ஒரு வாரமும் இலவசம். அடையாள அட்டையை மறக்காதீர்கள். அந்த நாட்களில் குறைந்த எண்ணிக்கை மீன்தான் எடுத்துவரலாம்.

3. ராடும் ரீலும் உடனே வாங்கியாக வேண்டும் என்பதில்லை. டேக்கிள்ஷேர் என்ற திட்டத்தில் சில பொது நூலகங்களும் மாகாணப் பூங்காக்களும் புத்தகம் போலவே இவற்றையும் இரவல் தருகின்றன. பிள்ளைகளுக்கு ஆர்வம் நிலைக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்கலாம்.

4. வாங்குவதென்றால் ஆறரை அடி ஸ்பின்னிங் ராடு ஒன்று, 6 அல்லது 8 பவுண்டு நரம்பு, 1/8, 1/4 அவுன்ஸ் ஜிக் (தலையில் எடை வைத்த தூண்டில் முள்) பத்துப் பன்னிரண்டு போதும். கடலுக்குப் போடும் தடித்த நரம்பு இங்கே வேண்டாம். தண்ணீர் தெளிவாக இருந்தால் அதைப் பார்த்து மீன் ஒதுங்கிவிடும். ஜிக்கில் பளீர்ப் பச்சையும் ஆரஞ்சும் வால்ஐ மீனின் கண்ணில் நன்றாகப் படும்.

5. மாகாணத்தை 20 மீன்வள மண்டலங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனி சீசன், தனி எண்ணிக்கை, தனி அளவு வைத்திருக்கிறார்கள். கவார்த்தா ஏரிகள் இருக்கும் 17-ஆம் மண்டலத்தில் 35 முதல் 50 சென்டிமீட்டர் வரை உள்ளதைத்தான் எடுக்கலாம். பக்கத்திலேயே இருக்கும் ஸ்கூகாக் ஏரியில் 2016-இல் வால்ஐ பிடிக்கவே தடை வந்தது. பழைய தையல் டேப்பை ஐஸ் பெட்டி மூடியில் ஒட்டிவிடுங்கள், அளக்கத் தேட வேண்டியிருக்காது.

6. எந்த ஏரியில் என்ன மீன், எங்கே எவ்வளவு ஆழம் என்று ஊரெல்லாம் விசாரிக்க வேண்டாம். மாகாண அரசின் ஃபிஷ் ஆன்லைன் வரைபடத்தில் எல்லாம் இலவசமாக இருக்கிறது. முந்தின நாள் இரவே பார்த்துவைத்தால் பெட்ரோல் மிச்சம்.

7. படகில்லாமல் கரையிலிருந்தே பழகலாம். டொராண்டோவிலிருந்து காரில் இரண்டு மணி நேரத்தில் பெல்வில், ட்ரென்டன் ஊர்களை ஒட்டிய குவின்டே விரிகுடா வால்ஐ மீனுக்குப் பேர்போனது. கவார்த்தா பக்கம் பாப்கேஜன் என்ற ஊர் இருக்கிறது. ஆற்று வாயிலும் மதகு ஓரத்திலும் தடைப் பலகை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

8. உச்சிவெயிலில் உட்கார்ந்து வீணாகக் காய வேண்டாம். வால்ஐ மீனின் கண்ணுக்குள் பின்பக்கத்தில் ஒளியைத் திருப்பி அனுப்பும் படலம் இருப்பதால், மங்கலில்தான் அதற்கு நன்றாகத் தெரியும். விடியலிலும் விளக்கு வைக்கும் நேரத்திலும் கரைப்பக்கம் இரை தேடி வரும். பகலில்தான் போக முடியும் என்றால், மேகமூட்டமும் காற்றும் உள்ள நாளில் அலை வந்து மோதும் கரையாகப் பாருங்கள்.

9. மண்புழுவுக்குக் காசு கொடுப்பானேன்? மழை பெய்த ராத்திரியில் டார்ச்சில் சிவப்புக் கண்ணாடித்தாளைக் கட்டிக்கொண்டு, காலடிச் சத்தமில்லாமல் புல்வெளியில் நடங்கள். பெரிய புழுக்கள் பாதி உடம்பை வளைக்குள் வைத்தபடி படுத்திருக்கும். வளை ஓரமாகப் பிடித்து, வெடுக்கென்று இழுக்காமல் ஒரு நொடி பொறுத்தால், பிடியைத் தளர்த்தி முழுசாக வந்துவிடும்.

10. பிடித்த புழுவை ஈரமாக்கிய செய்தித்தாள் துண்டுகளோடு பழைய தயிர் டப்பாவில் போட்டு, மூடியில் ஊசித் துளை இட்டு ஃபிரிட்ஜில் தனியாக வையுங்கள். ஜிக்குக்குப் பாதிப் புழுவே போதும். மிஞ்சினதை ஏரியிலோ கரையிலோ கொட்டாதீர்கள். தண்ணீரிலிருந்து 30 மீட்டருக்குள் இரையைக் கொட்டுவது சட்டப்படி குற்றம்.

11. வால்ஐ மீன் சுள்ளென்று இழுக்காது. ஈரத்துணி மாட்டினது போல நரம்பு சற்றே கனக்கும், அவ்வளவுதான். ஜிக்கைத் தரையில் தட்டவிட்டு, ஒரு சாண் தூக்கி, மெதுவாக இறக்குங்கள், நரம்பைத் தொய்யவிடாதீர்கள். பெரும்பாலும் இறங்கும்போதுதான் கவ்வும்.

12. பாறை இடுக்கில் ஜிக் மாட்டிக்கொள்ளும்போது ராடை வளைத்து இழுத்தால் நரம்புதான் அறும். ராடை நேராக நீட்டி, நரம்பை விரலால் வில் நாண் போலப் பின்னுக்கு இழுத்துப் படக்கென்று விடுங்கள். பல தடவை கழன்றுவிடும். ஒரு ஜிக் தப்பினாலும் லாபம்தானே!

13. மே, ஜூன் அந்திகளில் கொசுவும் கருப்பு ஈயும் பிய்த்தெடுக்கும். வெளிர்நிற முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள். டீட் கலந்த கொசு மருந்து பிளாஸ்டிக்கைக் கெடுக்கும். அதனால் பூசியதும் கையைக் கழுவிவிட்டு நரம்பையும் இரையையும் தொடுங்கள்.

14. வாயில் கூர்ப்பல், முதுகில் முள், செவுள் மூடியும் கையை அறுக்கும். பழைய நூல் கையுறையை நனைத்துப் போட்டுக்கொண்டு தலைக்குப் பின்னால் பிடித்தால் வழுக்காது. திருப்பி விட வேண்டிய மீனுக்கும் செதில் உதிராது. வால் துடுப்பின் கீழ்நுனியில் வெள்ளைப் புள்ளி இருந்தால் அது வால்ஐ.

15. ஐஸ் வாங்காமல், கூல்டிரிங்க் பாட்டில்களில் தண்ணீர் நிரப்பி உறையவைத்து எடுத்துப்போங்கள். உருகினதும் குடிக்கவும் ஆகும். அளவு விதி உள்ள ஏரியில் பிடித்ததைக் கரையில் துண்டு போடாமல் முழுசாகவே வீட்டுக்குக் கொண்டுவாருங்கள், வழியில் அதிகாரி அளந்து பார்க்கலாம். குடலையும் செதிலையும் பையில் கட்டிக் குப்பை எடுக்கும் நாள்வரை ஃப்ரீசரில் வைத்து, பிறகு பச்சைத் தொட்டியில் போட்டால் வீடு நாறாது.

16. இங்கே பால் வரும் 1.33 லிட்டர் பையைக் கழுவி, மீன் துண்டும் அது மூழ்கத் தண்ணீரும் விட்டுக் கட்டி உறையவைத்தால் சதை காயாது; ஆனால் ஃப்ரீசரில் இருப்பதும் நீங்கள் கைவசம் வைத்திருக்கலாம் என்ற எண்ணிக்கையில் சேரும். சதை மென்மையானது, குழம்பு கொதித்த பிறகு போட்டு ஐந்தாறு நிமிடத்தில் இறக்கிவிடுங்கள்; கன்னச் சதை தனி ருசி, தலையை எறியாதீர்கள். பெரிய மீனில் பாதரசம் அதிகம் சேரும், சின்னதைச் சமைத்துப் பெரியதை விட்டுவிடுங்கள். எந்த ஏரி மீனை மாதம் எத்தனை முறை சாப்பிடலாம் என்று கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் தனியாகவே அரசின் கையேடு சொல்கிறது.

படகு, மீன் காட்டும் கருவி என்று முதல் வருஷமே செலவில் இறங்காதீர்கள். சாயங்காலச் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு பொழுது சாயும் நேரத்துக்குக் கரையில் இருந்தாலே பாதி வேலை முடிந்தது. பக்கத்து வீட்டுக்குப் புதுக் குடும்பம் வந்திருந்தால், அவர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள்!