ஸ்லைடை நீங்களே பாருங்கள்

ரத்தவியல் படிக்க வந்திருக்கும் பிள்ளைகளுக்கு,

டி செல்களில் மெல்ல வளரும் ஒரு ரத்தப் புற்றுநோய் உண்டு. 'லார்ஜ் கிரானுலர் லிம்போசைட்' லுகேமியா என்பார்கள், சுருக்கமாக டி-எல்ஜிஎல். அரிய நோய்தான். தேடாமல் விடுவதாலும் பலருக்குத் தெரியாமலே போகிறது.

1. மொத்த வெள்ளணு எண்ணிக்கை சரியாக இருக்கிறதென்று ரிப்போர்ட்டை மூடிவிடாதீர்கள். இந்த லுகேமியாவில் அது இயல்பாகவே இருக்கலாம். நியூட்ரோபில் குறைந்திருக்கிறதா, ரத்தசோகை இருக்கிறதா என்று பாருங்கள்.

2. மெஷினோடு நிற்காமல் ஸ்லைடை நீங்களே பாருங்கள். தேட வேண்டியது, சாதாரண லிம்போசைட்டைவிடப் பெரிய செல். வெளிறிய, அகன்ற சைட்டோபிளாசம். அதில் தூவினாற்போலச் செந்நீலத் துகள்கள்.

3. நோயாளியின் கை மூட்டுகளைத் தொட்டுப் பாருங்கள். முடக்குவாதமும் இந்த நோயும் அடிக்கடி சேர்ந்தே வரும். மூட்டுவலிக்கு வந்துகொண்டிருந்த ஒரு அம்மாவுக்கு நியூட்ரோபில் குறைந்ததை மாத்திரையின் விளைவு என்றே ஒன்றரை வருடம் எழுதினேன். ஸ்லைடை ஒருமுறைகூட எடுத்துப் பார்க்கவில்லை. அந்தத் தவறை நீங்கள் செய்யாதீர்கள்.

4. ஒரே பரிசோதனையில் பெயர் சூட்டாதீர்கள். வைரஸ் காய்ச்சலுக்குப் பின்னும், மண்ணீரலை எடுத்த பின்னும் இந்த செல்கள் பெருகும். ஆறு மாதம் கழித்தும் நீடிக்கிறதா என்று பாருங்கள். இந்த செல்கள் மைக்ரோலிட்டருக்கு 2000 இருக்க வேண்டும் என்பது பழைய கணக்கு. மற்ற சான்றுகள் பொருந்தினால் 500 இருந்தாலும் போதும்.

5. ஃப்ளோ சைட்டோமெட்ரியில் பெரும்பாலும் சிடி3, சிடி8, சிடி57 மூன்றும் பாசிட்டிவாக இருக்கும். அடுத்து, டி செல் ஏற்பி மரபணுச் சோதனை: எல்லாம் ஒரே செல்லின் வாரிசுகளா என்று அது காட்டும். ஆனால் நலமாக இருக்கும் முதியவர்களிடமும் சிறு குளோன்கள் உண்டு. குளோனை மட்டும் வைத்து நோய் என்று எழுதாதீர்கள்.

6. இந்த நோயில் ஸ்டாட்3 மரபணு மாற்றம் இருப்பது 2012-இல் தெரியவந்தது. இருந்தால் உங்கள் சந்தேகம் வலுப்படும். இல்லையென்றால் நோய் இல்லை என்று பொருளல்ல. குழப்பம் தீராவிட்டால் எலும்பு மஜ்ஜையைப் பாருங்கள்.

7. 'லுகேமியா' என்ற சொல்லை நின்றபடி சொல்லிவிட்டுப் போகாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, பலருக்கு உடனே மருந்து தேவைப்படாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். தேவைப்படுகிறவர்களுக்கு மெத்தோட்ரெக்சேட் குறைந்த அளவில் கொடுப்பதுண்டு. பலன் தெரிய நான்கு மாதமாவது ஆகும். அடுத்த பரிசோதனைத் தேதியை எழுதிக் கொடுங்கள். காய்ச்சல் வந்தால் அன்றைக்கே வரச் சொல்லுங்கள். நியூட்ரோபில் குறைந்தவருக்கு ஒரு இரவுத் தாமதமும் ஆபத்து.