உலோக அச்சும் வடிவத்தின் எல்லைகளும்

2024 மே 9 அன்று, திருநெல்வேலி மாவட்டம் மகேந்திரகிரியில், இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் நான்காம் கட்ட எஞ்சின் ஒன்றை 665 விநாடிகள் இயக்கிச் சோதித்தது. உலோகத்தூளை லேசர் கதிரால் உருக்கி அடுக்கடுக்காக வளர்க்கும் முறையில் ஆக்கப்பட்ட எஞ்சின் அது. முன்னர் 14 பாகங்களாக இருந்தது ஒரே பாகமாயிற்று. 19 பற்றவைப்பு இணைப்புகள் தேவையற்றுப் போயின. 565 கிலோகிராம் மூலப்பொருளுக்குப் பதிலாக 13.7 கிலோகிராம் தூளே போதுமானதாயிற்று.

இதனைக் கொண்டு, இம்முறையில் எவ்வடிவத்தையும் ஆக்கிவிடலாம் என்று கருதுவது பொருந்தாது. இதற்கும் எல்லைகள் உண்டு.

தொங்கும் பகுதிகள்

மட்டாஞ்சேரியின் பழைய கிடங்குகளில் காணப்படும் வளைவு வாயில்களைக் கட்டும்போது, வளைவு தன்னைத் தானே தாங்கும்வரை அடியில் சாரம் நிற்க வேண்டும். உலோக அச்சிலும் இதே நிலைதான். கீழே திண்ம உலோகம் இல்லாது தூள் மட்டுமே உள்ள இடத்தில் லேசர் படும்போது, தூள் வெப்பத்தை மிகக் குறைவாகவே கடத்துவதால், உருகிய உலோகம் தூளினுள் அமிழ்ந்து அடிப்பரப்பு கரடுமுரடாகிறது. எனவே கிடைத்தளத்துடன் சுமார் 45 பாகைக்கும் குறைவான சாய்வுள்ள பகுதிகளுக்குப் பொதுவாகத் தாங்கிகள் தேவைப்படுகின்றன. இவை எடையைத் தாங்குவதோடு வெப்பத்தையும் வெளியேற்றுகின்றன. குளிரும்போது எழும் இழுவிசையால் பாகம் வளையாதவாறு அடித்தட்டுடன் பிணைத்தும் வைக்கின்றன.

உட்குழிவுகளும் துளைகளும்

தாங்கிகளும் அதே உலோகத்தால் ஆனவை. ஆகையால் அவற்றை வெட்டியே நீக்க வேண்டும். கருவி எட்டாத உட்குழிவில் அமைந்த தாங்கியை நீக்குதல் இயலாது. முற்றிலும் மூடிய குழிவில் உருகாத தூளும் சிக்கிக்கொள்ளும். அது வெளியேற வழி விடுதல் இன்றியமையாதது. கிடையாக அமையும் பெரிய வட்டத் துளையின் மேற்பகுதி தொய்ந்துவிடும். ஆகவே வடிவமைப்பாளர் அதனைக் கூர்நுனியுள்ள நீர்த்துளி வடிவில் அமைப்பர். கதிரின் பருமனைவிட மெல்லிய சுவரை எழுப்ப முடியாது. சாய்ந்த பரப்புகளில் அடுக்குகளின் படிக்கட்டுத் தடம் தெரியும். எந்திர அறையின் அளவை மீறிய பாகத்தைப் பிரித்தே ஆக்க வேண்டும்.

வடிவமைப்பாளரின் பொறுப்பு

இவ்வெல்லைகளுட் பல, பாகத்தை எத்திசையில் நிறுத்தி வளர்ப்பது என்ற முடிவைச் சார்ந்தவை. கடைசலுக்கும் வார்ப்புக்கும் வரைந்த படத்தை அப்படியே அச்சுக்கு அனுப்பினால் தாங்கிகள் பெருகும். பின்வேலையும் செலவும் கூடும். மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் 2022-இல் வெளியிட்ட தேசிய உத்தி, இத்துறையில் ஒரு லட்சம் பேருக்குத் திறன் அளிப்பதை ஓர் இலக்காகக் கொண்டது. அத்திறன் எந்திரத்தை இயக்குவதோடு முடிவதன்று. எதனை அச்சிடலாம், எதனைப் பழைய முறையிலேயே ஆக்கலாம் எனப் பகுத்தறியும் பயிற்சி மாணவருக்குக் கிட்டினால்தான் எந்திரங்களில் இடும் முதலீடு பயன் தரும்.