பாட்டை எம்பி3 ஆக்கும் முன்

ஒலிப்பதிவுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி, தங்கைகளுக்குச் சில வார்த்தைகள்.

1. மிக்ஸ் முடிந்ததும் முதலில் வேவ் ஃபைலாக எடுத்து வையுங்கள். சிடி தரத்தில் நிமிடத்துக்குச் சுமார் 10 மெகாபைட் ஆகும். இடம் போதாவிட்டால் ஃப்ளாக் ஆக்குங்கள். பெரும்பாலும் பாதி அளவுக்கு இறங்கிவிடும், ஒலியில் ஒரு பிட்கூடப் போகாது. அதில் 0 முதல் 8 வரை ஒரு எண் கேட்கும். அது தரத்துக்கு அல்ல, கம்ப்யூட்டர் எவ்வளவு மெனக்கெட வேண்டும் என்பதற்கு. 5 போதும்.

2. எம்பி3யிலிருந்து இன்னொரு எம்பி3 எடுக்காதீர்கள். 128 கேபிபிஎஸ்ஸில் வந்த பாட்டை 320க்கு ஏற்றினால் ஃபைல்தான் வீங்கும். போன ஒலி திரும்பாது. மறுபடி சுருக்கும்போது இன்னும் கொஞ்சம் போகும்.

3. எல்லாப் பாட்டுக்கும் ஒரே அளவு என்று வைத்துக்கொள்ளாதீர்கள். குரல் மட்டும்தானே, 128 போதும் என்பார்கள். எம்பி3யை உருவாக்கியவர்களில் ஒருவரான கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க், சுசான் வேகா பக்கவாத்தியமே இல்லாமல் பாடிய ‘டாம்ஸ் டைனர்’ பாட்டை வைத்துத்தான் தன் வேலையைத் திரும்பத் திரும்பச் சோதித்தார். தனிக்குரலில் சின்னக் கரகரப்பும் ஒளிய இடமில்லை. நம் கச்சேரியில் சோதிக்க வேண்டிய இடம் தனி ஆவர்த்தனம். கடத்தின் அடிக்கும் கஞ்சிராவின் சலங்கைக்கும் சற்று முன்னாலேயே மெல்லிய ‘ஷ்’ கேட்டால் பிட் ரேட் போதவில்லை என்று அர்த்தம். கைதட்டலையும் கேளுங்கள். 128இல் அது அப்பளம் பொரிகிற சத்தமாகிவிடும்! ரசிகர்கள் பாவம்.

4. ஆடாசிட்டியில் எக்ஸ்போர்ட் கொடுத்தால் மீடியம், ஸ்டாண்டர்ட், எக்ஸ்ட்ரீம், இன்சேன் (புதிய பதிப்புகளில் எக்ஸெஸிவ்) என்று வரும். ஸ்டாண்டர்ட் 170 முதல் 210 வரை, எக்ஸ்ட்ரீம் 220 முதல் 260 வரை ஏறி இறங்கும். வெறும் தம்புரா ஓடும் இடத்தில் குறைத்து, தனியில் கூட்டிக்கொள்ளும். இன்சேன் எப்போதும் 320தான். கச்சேரிக்கு நான் எக்ஸ்ட்ரீம் வைப்பேன். பேருக்கு ஏற்றபடி இன்சேன் பல நேரம் வீண்தான்; கேட்கிறவர் 320தான் வேண்டும் என்றால் கொடுத்துவிடுங்கள், சண்டை போடாதீர்கள்.

5. இடது, வலது ஒலியைச் சேர்த்துச் சுருக்கும் ஜாயின்ட் ஸ்டீரியோவைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அப்படியே விடுங்கள். சொற்பொழிவு என்றால் மோனோ, 64 போதும்.

6. உச்ச அளவை 0 டெசிபலில் முட்ட விடாதீர்கள். சுருக்கும்போது அலையின் வடிவம் மாறி, உச்சி சற்று மேலே போகும். அங்கே கிளிப் ஆகும். மைனஸ் 1இல் நிறுத்துங்கள். சாம்பிள் ரேட்டைக் காரணமில்லாமல் மாற்றாதீர்கள். வீடியோவுக்குப் போவதென்றால் மட்டும் 48 கிலோஹெர்ட்ஸ்.

7. எண்ணைப் பார்த்துத் தீர்ப்பு சொல்லாதீர்கள். வேவையும் எம்பி3யையும் ஒரே சத்தத்தில் வைத்து, எது எது என்று சொல்லாமல் நண்பரை மாற்றி மாற்றிப் போடச் சொல்லுங்கள். ஹெட்ஃபோனில் கேளுங்கள், பத்துப் பதினைந்து முறையாவது. வித்தியாசம் பிடிபடாவிட்டால் சின்ன ஃபைலையே தைரியமாக அனுப்புங்கள்.